தலைவருக்குப் பதினோரு மாத்திரை

கட்டடம் முழுவதும் அபாய மணி அலறியபோது, டாக்டர் ரயீசா பெஜான் மாடிப்படியின் ஏழாவது படியில் குப்புறக் கிடந்தாள்.

அடி ஒன்றும் படவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. காரணம் அவள் மாட்டியிருந்த உடுப்பு. இருபத்திரண்டு கிலோ எடை. முழங்காலிலும் முழங்கையிலும் இரும்புப் பட்டை, கழுத்தில் ஒரு பட்டி, காதில் பஞ்சு, கண்ணில் எண்ணெய் தடவினாற்போல் மங்கிய கண்ணாடி. இதை மாட்டிக்கொண்டால் நாற்பத்து நாலு வயதுக்காரிக்கு எண்பத்தைந்து வயதுக்காரியின் அவஸ்தை புரியும் என்பது சர்வதேச முதுமை மருத்துவக் கழகத்தின் நம்பிக்கை. ரயீசாவுக்கு நன்றாகவே புரிந்தது. விழுந்தால் யாரும் தூக்க மாட்டார்கள் என்பது வரைக்கும் புரிந்தது.

சீருடை போட்ட இரண்டு ஊழியர்கள் ஓடிவந்து, இரண்டு படி தள்ளியே நின்றுவிட்டார்கள். ஒருவர் கையில் படிவம் இருந்தது. விழுந்தவரைத் தொடுவதற்கு முன்னால் பதினேழாம் எண் படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்பது கழக விதி.

"வயசு?" என்று கேட்டார் அவர்.

"நாப்பத்து நாலு," என்றாள் ரயீசா, படியைப் பார்த்துக்கொண்டே.

"உடுப்போட வயசு எண்பத்தஞ்சு ஆச்சே. எதைப் போடறது?"

இரண்டு பேரும் கலந்து பேசினார்கள். தீரவில்லை. மேலிடத்துக்கு ஆள் போயிற்று. கழகத்தின் செயலாளர் நாயகம் ஃபுல்வியோ திரெந்தின், நீலக் கோட்டும் அதில் குத்திய வெள்ளிச் சின்னமுமாக இறங்கிவந்தார். விஷயத்தைக் கேட்டார். சற்றும் தயங்காமல் தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க."

ஊழியர் வகுத்தார். அறுபத்து நாலரை வந்தது. கழகத்தின் கணக்கில் அறுபத்தைந்து ஆனால்தான் முதியவர். ஆகவே விழுந்தது முதியவர் இல்லை, ஆகவே அடித்தது தவறான மணி, ஆகவே தூக்கவேண்டிய அவசியம் இல்லை என்று முடிவாயிற்று. படிவத்தை மடித்துக்கொண்டு மூவரும் மேலே போனார்கள்.

பின்னால் இதே மாதிரி உடுப்பில் இரும்பு கிரீச்சிட நடந்துவந்த எத்தியோப்பிய டாக்டர் கிதானேதான் அவளைத் தூக்கிவிட்டார். தூக்கும் முயற்சியில் அவரும் உட்கார்ந்துவிட்டார். மறுபடி மணி அடித்தது.

ரயீசா இங்கே வந்து பத்து நாள்தான் ஆகிறது. வடக்கு மோல்தோவாவில் மூன்று கிராமங்களுக்கு அவள் ஒருத்திதான் டாக்டர். மூன்று ஊரிலும் சேர்த்து அறுநூறு கிழவர் கிழவிகள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் எல்லாம் இத்தாலியில், இத்தாலிக்காரர்களின் கிழவர் கிழவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுடைய சுகாதார நிலையத்தில் பின்பக்கம் ஓர் அறை. அதில் நாலு கட்டில்கள், வாங்கி இரண்டு வருடமாகியும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. முதியோருக்கென்று தனிப் பிரிவு திறக்க வேண்டுமானால் முதுமை மருத்துவத்தில் சான்றிதழ் உள்ள டாக்டர் இருக்க வேண்டும் என்று மாவட்ட அலுவலகம் சொல்லிவிட்டது. அதுவரை நோயாளிகள் எழுபது கிலோமீட்டர் தள்ளி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகலாம். குளிர்காலத்தில் அவர்கள் போவதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பனி உருகட்டும் என்று காத்திருப்பார்கள். போன வருடம் அப்படிக் காத்திருந்தவர்களில் ஏழு பேர் பனி உருகுவதைப் பார்க்கவில்லை.

அதனால்தான், ஏழை நாட்டு டாக்டர்களுக்கு உதவித்தொகை என்று விளம்பரம் வந்ததும் ரயீசா விண்ணப்பம் போட்டாள். ஆறு மாதப் பயிற்சி. முடிவில் ஒரு சான்றிதழ். அந்த ஒரு தாளுக்காக அறுநூறு பேரை நர்ஸ் நீனாவிடம் ஒப்படைத்துவிட்டு இத்தாலியில் பாதுவா நகருக்குப் பக்கத்தில் இருந்த இந்தப் பழைய மாளிகைக்கு வந்து சேர்ந்தாள்.

தொடக்க விழாவில் செயலாளர் நாயகம் ஒரு மணி நேரம் பேசினார்.

"உலகத்துல வயசானவங்க பெருகிட்டே போறாங்க. இது நம்ம கழகத்துக்கு ரொம்ப நல்ல செய்தி," என்று ஆரம்பித்தார். "ஏழை நாடுகளுக்கு நாங்க மருந்து கொடுக்கலாம். கருவி கொடுக்கலாம். ஆனா அதெல்லாம் ஒருநாள் தீர்ந்துபோயிடும். அதனால நாங்க வழிகாட்டுதல் கொடுக்கறோம். அது எங்ககிட்ட தீரவே தீராது."

முதல் வரிசையில் பதினோரு துறைகளின் பதினோரு பேராசிரியர்கள் கை தட்டினார்கள். மேடை நடுவில், செதுக்கு வேலை செய்த பெரிய நாற்காலியில், கழகத்தை நிறுவிய தலைவர் பேராசிரியர் ஒத்தோரினோ ரிகோன் உட்கார்ந்திருந்தார். எண்பத்தேழு வயது. தலை மார்பில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. கை மேஜைமேல் இருந்தது. அந்தக் கை நடுங்கிய நடுக்கத்தில் தண்ணீர்க் கோப்பை அதன் தட்டோடு உரசி, விழா முடியும்வரை கிணுகிணுவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. யாரும் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்ற பெண் அரை மணிக்கு ஒருதரம் ஒரு டப்பாவைத் திறந்து அவர் வாயில் ஒரு மாத்திரையைப் போட்டாள்.

பயிற்சி தொடங்கியது. ஆறு வாரத்தில் ரயீசா ஒரு கிழவரைக்கூடத் தொடவில்லை. தொடக் கூடாது. வெளிநாட்டு டாக்டர்கள் இத்தாலிய மண்ணில் அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களைத் தொட்டால் காப்பீடு செல்லாது என்று விதி இருந்தது. அதனால் கழகம் நாடகப் பள்ளியிலிருந்து இளம் நடிகர்களை வரவழைத்து, தலையில் மாவு தூவி, கையில் தடி கொடுத்து அனுப்பியது. நிஜக் கிழவர்களையே நடிக்கச் சொல்லலாமே என்று கிதானே கேட்டார். அவர்களுக்கு நடிப்பு அனுபவம் போதாது என்று பதில் வந்தது.

கூன் விழுந்த கிழவியாக நாள் முழுவதும் நடித்த ஒரு நடிகைக்கு நிஜமாகவே இடுப்பு பிடித்துக்கொண்டது. ரயீசா அவளை மேஜைமேல் படுக்கவைத்து நீவிவிட்டாள். அந்த ஆறு வாரத்தில் அவள் பார்த்த ஒரே நோயாளி அந்த இருபத்து மூன்று வயதுப் பெண்தான்.

அக்டோபரில் மருந்தியல் பேராசிரியர் வந்து 'முதியோரின் மாத்திரைகளைக் குறைப்பது எப்படி' என்று இரண்டு மணி நேரம் பாடம் எடுத்தார். அருமையான பாடம். ஒரு மாத்திரை ஒரு தொல்லையைக் கொண்டுவரும், அந்தத் தொல்லையைப் புது நோய் என்று நினைத்து இன்னொரு மாத்திரை எழுதுவார்கள், அது இன்னொரு தொல்லையைக் கொண்டுவரும் என்று படம் போட்டு விளக்கினார். கௌரவ விருந்தினராக வந்திருந்த தலைவர் ரிகோன் அந்த இரண்டு மணி நேரத்தில் நாலு மாத்திரை சாப்பிட்டார். ஒன்றுக்குப் பேராசிரியரே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அந்த வாரம்தான் கிதானே ஒரு செய்தியோடு வந்தார். போன வருடம் இதே பயிற்சிக்கு வந்த அவர் ஊர் டாக்டருக்கு இன்னும் சான்றிதழ் வரவில்லையாம். அதற்கு முந்தின வருடம் வந்தவருக்கும் வரவில்லையாம்.

"ஆறு வருஷமா யாருக்கும் வரல, ரயீசா. எல்லாரும் தபால்காரரை எதிர்பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க," என்றார்.

இரண்டு பேரும் நேரே செயலாளர் நாயகத்தின் அறைக்குப் போனார்கள். அவர் மறைக்கவில்லை. பெருமையாகவே விளக்கினார்.

சான்றிதழில் தலைவர் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம். அந்தக் கையெழுத்து, முப்பது வருடத்துக்கு முன்னால் நோட்டரியிடம் பதிவு செய்த மாதிரிக் கையெழுத்தோடு பொருந்த வேண்டும். தலைவரின் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து பொருந்தவில்லை. சரி, நடுங்கிய கையெழுத்தையே புது மாதிரியாகப் பதிவு செய்யலாம் என்றால், ஒரே மாதிரி இரண்டு தடவை போட்டுக் காட்ட வேண்டும் என்கிறார் நோட்டரி. நடுங்கும் கை ஒருதரம் போட்டதை மறுதரம் போடுவதில்லை. வேறு யாராவது கையெழுத்துப் போடலாம் என்று விதியைத் திருத்தலாம். ஆனால் திருத்தத்துக்குத் தலைவர் கையெழுத்து வேண்டும்.

"அவரோட கை ஏன் நடுங்குதுன்னு யாராவது பாத்தீங்களா?" என்று ரயீசா கேட்டாள்.

"பார்க்காம இருப்போமா? பதினோரு துறைத் தலைவர்கள் சேர்ந்து குழு போட்டோம். இதயத் துறை சொல்லுது, இதயம் நடுங்கல. சிறுநீரகத் துறை சொல்லுது, சிறுநீரகம் நடுங்கல. கைக்குன்னு இங்க துறை இல்ல, டாக்டர்." திரெந்தின் வெள்ளிச் சின்னத்தைச் சரிசெய்துகொண்டார். "தாமதம்ங்கறது மறுப்பு இல்ல. உங்க நாடுகளுக்கு இந்தப் பொறுமை வரணும்னுதானே நாங்க பயிற்சியே கொடுக்கறோம்?"

அன்று சாயங்காலம் நீனா போன் செய்தாள். முதல் பனி விழுந்துவிட்டதாம். ரயீசா சான்றிதழ் விவகாரத்தை அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாதுவா நகரின் ஒரு பெரிய வண்டி நிறுத்தத்தில் மோல்தோவாவே வந்து இறங்கியிருக்கும். ஊருக்குப் போகும் வேன்கள் வரிசையாக நிற்கும். ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டுக்குப் பொட்டலம் அனுப்புவார்கள். வீட்டிலிருந்து வந்த ஊறுகாய்ப் புட்டிகளையும் பாலாடைக் கட்டிகளையும் வாங்கிக்கொள்வார்கள். ரயீசா நீனாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பப் போயிருந்தாள். முதுகில் யாரோ தட்டினார்கள். மேடையில் தலைவருக்குப் பின்னால் நிற்கும் அதே பெண்.

"டாக்டரம்மா, என்னைத் தெரியல? நான் டோம்னிகா. சாவேத்தா மக."

"முழங்கால் சாவேத்தாவா?"

"அந்த முழங்கால்தானே எங்க குடும்பப் பேரே," என்று சிரித்தாள் டோம்னிகா. ஐம்பது வயது, குரலில் ஊர்ச் சந்தை அப்படியே இருந்தது. ஒன்பது வருடமாக ரிகோன் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறாளாம். விழாவிலேயே பேச நினைத்தாளாம். ஆனால் மேடையில் இருக்கும்போது நாற்காலி மாதிரி இருக்க வேண்டும் என்று செயலாளர் உத்தரவாம்.

ரயீசா சாவேத்தாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னாள். டோம்னிகா தன் கிழவரைப் பற்றிச் சொன்னாள். காலையில் ஐந்து மாத்திரை, மத்தியானம் மூன்று, சாயங்காலம் மூன்று. பொலெந்தா என்கிற சோளக்களி சாப்பிட வயிற்றில் இடமே இருப்பதில்லை.

"எல்லாம் பொறந்த நாள் பரிசு, டாக்டரம்மா. ஒவ்வொரு ஜனவரியும் பதினோரு புரொபசருங்களும் ரிப்பன் கட்டின உறையோட வருவாங்க. உள்ள மருந்துச் சீட்டு, பழைய மாத்திரை தொடரணும்னு, சிலதுல புதுசா ஒண்ணு. ஐயாவைக் கௌரவப்படுத்தறாங்களாம். எல்லாருக்கும் மரியாதையா ஆளுக்கொரு மாத்திரை. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் நிறுத்தினா அது அவமானமாம். அதனால சேர்ந்துக்கிட்டே போகுது."

அவள் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். எந்த மாதம் எந்த மாத்திரை வந்தது, அதன்பிறகு ஐயாவுக்கு என்ன ஆனது என்று ஒன்பது வருடமாகக் கோணல் எழுத்தில் எழுதிவைத்திருந்தாள். ரயீசா வேனின் வாசற்படியிலேயே உட்கார்ந்து படித்தாள்.

முதலில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. அதில் கால் வீங்கியது. வீக்கத்துக்கு நீர் பிரிய ஒரு மாத்திரை. அதில் ஓயாமல் சிறுநீர். அதை அடக்க ஒரு மாத்திரை. அதில் வாய் உலர்ந்து, மலம் கட்டி, புத்தி மந்தமானது. மலம் போக ஒன்று. நடுவில் தலைசுற்றல், அதற்கு ஒன்று. அந்தத் தலைசுற்றல் மாத்திரை வந்த இரண்டாவது மாதம் கை நடுங்கியது. நடுக்கத்துக்கு ஒன்று. அதில் குமட்டல். குமட்டலுக்கு ஒன்று. அதில் நடுக்கம் இரட்டிப்பானது. பிறகு சோர்வுக்கு, தூக்கத்துக்கு, எலும்புக்கு, பசிக்கு என்று போய்ப் பதினொன்றில் நின்றது.

"கை நடுக்கம் எதனாலன்னு நான் அப்பவே சொன்னேன்," என்றாள் டோம்னிகா. "அதுக்கு அந்த நரம்பு புரொபசர், 'நீ தரையைத் துடை, நாங்க மூளையைப் பாத்துக்கறோம்'னார்."

"நீ சொன்னது சரி," என்றாள் ரயீசா. "இந்த நோட்டைவிட நல்ல பாடம் எனக்கு அங்க யாரும் எடுக்கல."

வியாழக்கிழமை மத்தியானம் ரயீசா ரிகோன் வீட்டுக்குப் போனாள். சமையலறை மேஜைமேல் பதினோரு பெட்டிகளையும் வந்த வரிசைப்படி ரயில் மாதிரி அடுக்கினாள். கிழவர் எதிரில் உட்கார்ந்து, மேஜை கிடுகிடுக்க, பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, எது எதைக் கொண்டுவந்தது என்று மெதுவாகச் சொன்னாள். அவருக்குப் புரிகிறதா என்றே தெரியவில்லை. கடைசிப் பெட்டிக்கு வந்தபோது அவர் நடுங்கும் விரலால் பின்னோக்கி வந்து தலைசுற்றல் மாத்திரையைத் தொட்டார்.

"இங்கேருந்து," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஐம்பது வருடம் டாக்டராக இருந்த மனிதர் இன்னும் உள்ளே எங்கோ உட்கார்ந்திருந்தார்.

நிறுத்தலாமா என்று கேட்டாள். சரியென்று தலையை ஆட்டினார். அவருடைய குடும்ப டாக்டரை டோம்னிகா போனில் பிடித்தாள். பேராசிரியர்கள் எழுதியதை இத்தனை வருடமாகத் தான் நகல் எடுத்துக்கொண்டிருந்ததாகவும், நகல் எடுக்கும்போதெல்லாம் தனக்கே தலைசுற்றியதாகவும் அவர் ஒப்புக்கொண்டார். நோயாளியே கேட்டால் தனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் ஒன்றொன்றாக, மெல்ல மெல்ல, தனக்கு வாராவாரம் தகவல் சொல்லி என்றார். ரயீசா நினைத்திருந்ததும் அதுதான்.

ஒரே ஒரு சிக்கல். அறுபத்தைந்துக்கு மேற்பட்டவரை அவள் தொடக் கூடாது. தொட்டது தெரிந்தால் உதவித்தொகை ரத்து, பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அதனால் ரயீசா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றாள். டோம்னிகா நாடி பிடித்தாள், உட்காரவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தாள், கணுக்காலை அழுத்தினாள், நோட்டில் எழுதினாள்.

"விதியை மீறாம வைத்தியம் பாக்கறது, பல்லு இல்லாம வால்நட் தின்ன மாதிரி இருக்கு, டாக்டரம்மா," என்றாள்.

தலைசுற்றல் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார்கள். தலை சுற்றவில்லை. பிறகு குமட்டல் மாத்திரை. பிறகு நடுக்க மாத்திரையைக் கால் காலாகக் குறைத்தார்கள். டிசம்பரில் ரத்த அழுத்த மாத்திரை பாதியானது, வீக்கம் வற்றியது, அதற்காக வந்த மாத்திரை மூட்டை கட்டியது. ஒரு வாரம் தூக்கம் வராமல் கிழவர் எல்லோரையும் திட்டினார். திட்டுவதற்கு அவருக்கு வார்த்தை கிடைத்ததே நல்ல அறிகுறி என்று ரயீசா எழுதிவைத்தாள். கிறிஸ்துமஸுக்கு அவர் சூப்பைத் தானே கரண்டியால் எடுத்துக் குடித்தார். மேஜை விரிப்பில் ஒரு சொட்டு விழவில்லை.

ஜனவரியில் பிறந்த நாள் வந்தது. பதினோரு பேராசிரியர்களும் ரிப்பன் கட்டிய உறைகளோடு வரிசையில் வந்தார்கள். ஐயா இந்த வருடம் தெளிவாக இருப்பதற்குத் தன்னுடைய மாத்திரைதான் காரணம் என்று ஒவ்வொருவரும் டோம்னிகாவிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். அவள் பதினோரு பேருக்கும் நன்றி சொன்னாள். சமையலறை மேஜைக்கு ஒரு கால் வெகுநாளாகக் குட்டை. அன்றிலிருந்து, பதினோரு உறைகளின் தயவில், அது ஆடவில்லை.

கழகம்தான் சற்று ஆட்டம் கண்டது. மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் நாயகத்துக்கு ஏதோ குறைவது போல் இருந்தது. என்னவென்று புரிய அரை மணி நேரம் ஆயிற்று. தண்ணீர்க் கோப்பை சத்தம் போடவில்லை. நிமிர்ந்து பார்த்தார். தலைவர் நேராக உட்கார்ந்து தீர்மானப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நிஜக் கிழவங்களுக்குப் பதிலா நடிகர்களா? இதுக்கு யார் சம்மதிச்சது?"

"நீங்கதான் ஐயா. போன வருஷம் தலையை ஆட்டினீங்க."

"என் தலை ஆறு வருஷமா ஆடிக்கிட்டுதானே இருந்தது, திரெந்தின்?"

அந்தக் கூட்டம் தேநீருக்கு முன்பே முடிந்துவிட்டது.

பட்டமளிப்பு விழா பிப்ரவரி கடைசியில். அதற்கு முந்தின நாள் நீனா போனில் பேசினாள். கட்டில் அறையில் ஓட்டை வழியாகப் பனி இறங்கியது, கூரையை அடைத்துவிட்டேன், தாள் கிடைத்துவிடும் இல்லையா என்று கேட்டாள். கிடைக்கும் என்று ரயீசா சொன்னாள். அவளுக்கே அது நிச்சயமில்லை. கிழவர் வீட்டில் காய்கறிப் பட்டியல் எழுதியிருக்கிறார், டோம்னிகாவின் பெயரை எழுதியிருக்கிறார். ஆனால் முப்பது வருடத்துக்கு முந்தைய அந்தக் கையெழுத்தை, இருநூறு பேர் முன்னால், ஒருதரம்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. பழகிப் பார்க்கலாமா என்று அவள் கேட்டதற்கு, தன் பெயரைத் தானே காப்பியடிக்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

விழா வழக்கப்படி நடந்தது. திரெந்தின் பேசினார். இந்தப் பன்னிரண்டு டாக்டர்களும் வெறுங்கையோடு வந்தார்கள், வெறுங்கையோடு போகவில்லை, கை நிறைய வழிகாட்டுதலோடு போகிறார்கள் என்றார். சான்றிதழ்கள் தபாலில் வரும் என்றார். பிறகு பன்னிரண்டு பேர் கையிலும் பட்டு நாடா கட்டிய வெற்றுக் காகிதச் சுருளைக் கொடுத்துப் புகைப்படம் எடுக்க ஏற்பாடு. மேடை ஓரத்தில் நோட்டரி பெர்தோலா அம்மாள், கறுப்பு உடையும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார். வருடா வருடம் வந்து, பார்த்து, பொருந்தவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது அவர் வேலை. விழா நிகழ்ச்சி நிரலிலேயே அது அச்சாகியிருந்தது: ஐந்தாவது அம்சம், பொருந்தாமை அறிவிப்பு.

தலைவர் எழுந்து நின்றார். நாற்காலியைப் பிடிக்கவில்லை.

"நிஜச் சான்றிதழைக் கொண்டாங்க," என்றார்.

திரெந்தின் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். ஐயாவுக்குக் களைப்பாக இருக்கிறது என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். களைத்தால் எனக்கு உட்காரத் தெரியும் என்றார் ரிகோன். ஊழியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் போய்ச் சான்றிதழ்க் கட்டை எடுத்துவந்தார். ரோமன் எழுத்தின் அகரவரிசைப்படி பெஜான்தான் முதல்.

ரயீசா மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கை தன்னிச்சையாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டது. பேனா காகிதத்தில் இறங்கியது. ஒரு வளைவு, ஒரு நீளக் கோடு, கீழே ஒரு சுழி. பேனாவை எடுத்துவிட்டார்.

நோட்டரி அம்மாள் மாதிரியை ஒரு பக்கமும் சான்றிதழை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு கண்ணாடியால் பார்த்தார். சுழியைப் பார்த்தார். மறுபடி வளைவைப் பார்த்தார். மூன்றாம் முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அரங்கத்தில் யாரோ இருமிவிட்டு, அதற்காக வருத்தம் தெரிவித்தார்.

"பொருந்துது," என்றார் அம்மாள்.

கிதானேதான் முதலில் கை தட்டினார். ரயீசா தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதில் ஈரமான மை பளபளத்தது. நாலு கட்டிலின் பிளாஸ்டிக்கையும் கிழிக்கிற சத்தம் அவளுக்கு அங்கேயே கேட்டது. டோம்னிகா நாற்காலிக்குப் பின்னாலிருந்து, நாற்காலி மாதிரி இருக்க வேண்டும் என்பதை மறந்து, இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தாள்.

தலைவர் மீதிப் பதினொன்றிலும் கையெழுத்துப் போட்டார். ஆறு வருடமாக அலமாரியில் கிடந்த எழுபத்திரண்டையும் கொண்டுவரச் சொல்லிப் போட்டார். அம்மாள் ஒவ்வொன்றுக்கும் பொருந்துது, பொருந்துது என்று சொல்லிக்கொண்டே வந்தார். திரெந்தினும் வேறு வழியில்லாமல் கை தட்டினார். இது கழகத்தின் இடைவிடாத முயற்சிக்குக் கிடைத்த வெற்றி என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

எல்லாம் முடிந்த பிறகு ரிகோன் தன் கோட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். நீவி விரித்தார். அதிலும் கையெழுத்துப் போட்டு நோட்டரியிடம் நீட்டினார்.

"இதையும் பாத்துடுங்க, அம்மா. என் ராஜினாமா. ஆறு வருஷமா வருஷத்துக்கு ஒண்ணு எழுதறேன். கையெழுத்துப் பொருந்தலைன்னு இந்த மனுஷன் திருப்பித் திருப்பி அனுப்பிட்டிருக்கார்."

அம்மாள் குனிந்து கண்ணாடியால் பார்த்தார். தலைவர் போனால் அவர் நியமித்த செயலாளரும் அன்றே போக வேண்டும் என்பது கழக விதிகளில் முதல் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை மனப்பாடமாக அறிந்தவர் அந்த அரங்கத்தில் ஒரே ஒருவர்தான். அம்மாளின் உதடு பிரிவதைப் பார்த்ததும் திரெந்தின் மேடையிலிருந்து முதல் வரிசையைப் பார்த்துக் குனிந்தார்.

"புரொபசர்களே, தயவுபண்ணி யாராவது ஒருத்தர் ஐயாவுக்குச் சீக்கிரமா ஒரு மாத்திரை எழுதுங்க."